மடக்கைச் சமன்பாட்டில் விடை எங்கே தப்புகிறது? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நீலகிரியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளுக்கும், மாலை நேரத்தில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் எழுதியது இது. மடக்கைக் கணக்கில் பெருக்கலும் கூட்டலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். விடை தப்புவது வேறு சில இடங்களில். அவை கல்லட்டிப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகள் போல இடம் மாறாதவை. எந்த வளைவு எங்கே என்று தெரிந்தவருக்கு அது பயமில்லாத பாதை. ஆகவே கீழே பாட வரிசையில் எழுதவில்லை. உங்கள் நோட்டில் என்ன கோளாறு தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. மடக்கையை இங்கே லாக் (log) என்று எழுதியிருக்கிறோம். லாக்₂ 8 என்பதில் கீழே சிறிதாக இருக்கும் 2 அடிமானம். தெரியாத எண்ணை இங்கே ய என்று எழுதியிருக்கிறோம். நோட்டில் உங்கள் வழக்கப்படி எழுதிக்கொள்ளுங்கள். அடிமானம் எழுதாத இடத்தில் 10 என்று கொள்ளவும்.

எந்தத் தலைப்புக்குப் போவதானாலும் இதை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்

லாக்₂ 8 என்பது ஒரு கேள்வி. “2-ஐ எத்தனை அடுக்குக்கு உயர்த்தினால் 8 வரும்?” பதில் 3. மடக்கையின் எல்லா விதிகளும் இந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தவைதான்.

2-ஐ 5 அடுக்குக்கு உயர்த்தினால் 32. −5 அடுக்குக்கு உயர்த்தினால் 1/32. அடுக்கு என்னவாக இருந்தாலும் வருவது மிகை எண்தான். பூஜ்ஜியம் வராது, குறை எண்ணும் வராது. அதனால் லாக்குக்கு உள்ளே இருப்பது பூஜ்ஜியத்தைவிடப் பெரியதாக இருந்தே ஆகவேண்டும். லாக்கின் விடை குறை எண்ணாக வரலாம், அதில் தவறில்லை. உள்ளே போவதுதான் மிகையாக இருக்கவேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதிலிருந்தே பாதிப் பிழைகள் கிளம்புகின்றன. அடிமானத்துக்கும் நிபந்தனை உண்டு: அதுவும் மிகை எண், ஆனால் 1 ஆகக்கூடாது. 1-ஐ எத்தனை அடுக்குக்கு உயர்த்தினாலும் 1தானே வரும்.

கணக்கைத் தொடும் முன் ஒரு வரி எழுதுங்கள். சமன்பாட்டில் எத்தனை லாக் இருக்கிறதோ, ஒவ்வொன்றின் உள்ளே இருப்பதும் > 0 என்று எழுதி, ய எந்த எல்லைக்குள் இருக்கவேண்டும் என்று முடிவுகட்டி, பக்கத்தின் ஓரத்தில் கட்டம் போட்டு வைத்துவிடுங்கள். பாடநூல் இதைச் சார்பகம் என்கிறது. அரை நிமிட வேலை. கணக்கின் முடிவில் விடைகளை இந்தக் கட்டத்தோடுதான் ஒப்பிடப்போகிறோம்.

“ரெண்டு விடை வருது, புத்தகத்துல ஒண்ணுதான் இருக்கு”

அதிகம் பேர் இடறும் இடம் இது. ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம்.

லாக்₂(ய − 3) + லாக்₂(ய − 5) = 3

ஓர வரி: ய − 3 > 0, ய − 5 > 0. இரண்டும் சேர்ந்து நிற்கவேண்டும் என்றால் ய > 5.

பெருக்கல் விதிப்படி இரண்டு லாக்குகளையும் ஒன்றாக்கினால் லாக்₂[(ய − 3)(ய − 5)] = 3. அடுக்கு வடிவத்துக்கு மாற்றினால்:

(ய − 3)(ய − 5) = 8
ய² − 8ய + 15 = 8
ய² − 8ய + 7 = 0
(ய − 1)(ய − 7) = 0

ய = 1 அல்லது ய = 7. ஓர வரி 5-க்கு மேல் என்கிறது. 7 நிற்கும், 1 விழும்.

1 எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தப் பிழை மறுபடி வராது. ய = 1 என்று வைத்தால் ய − 3 = −2, ய − 5 = −4. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுக்கும் லாக் கிடையாது. ஆனால் பெருக்கினால் (−2) × (−4) = 8, மிகை எண். இரண்டு லாக்குகளைச் சேர்த்த அந்த நொடியில் இரண்டு குறை எண்கள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டன. இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்ததில் தவறே இல்லை. 1 அந்த இருபடிக்கு உண்மையான தீர்வு. முதலில் கொடுத்த மடக்கைச் சமன்பாட்டுக்குத்தான் தீர்வு அல்ல.

இதனால்தான் சரிபார்க்கும்போது இருபடியில் போட்டுப் பார்ப்பது வீண்வேலை. 1-ஐ ய² − 8ய + 7-இல் போட்டால் பூஜ்ஜியம் வரும், “சரிதானே” என்று தோன்றும். கேள்வித்தாளில் அச்சிட்டிருக்கும் முதல் வரியில் போடவேண்டும். 7-ஐப் போட்டால் லாக்₂ 4 + லாக்₂ 2 = 2 + 1 = 3. சரி. 1-ஐப் போட்டால் லாக்₂(−2) என்ற இடத்திலேயே நின்றுவிடும்.

வகுத்தல் விதியிலும் இதே சங்கதிதான். லாக் அ − லாக் ஆ என்பதை லாக்(அ/ஆ) என்று சுருக்கும்போது, இரண்டும் குறை எண்ணாக இருந்தால் ஈவு மிகையாகி உள்ளே புகுந்துவிடும். விரிக்கும்போது இந்த அபாயம் இல்லை. அங்கே வேறோர் அபாயம் உண்டு, அது அடுத்ததற்கு அடுத்த தலைப்பில் வருகிறது.

“குறை எண்ணை அடிச்சேன், மார்க் போயிடுச்சு”

மேலே சொன்னதைப் பாதி கேட்டவர்கள் செய்யும் பிழை. “மடக்கையில் குறை எண் வராது” என்று மனப்பாடம் செய்துகொண்டு, ய-க்குக் குறை எண் வந்தாலே கோடு போட்டு அடித்துவிடுகிறார்கள்.

லாக்₃(5 − 2ய) = 2

5 − 2ய = 9, அதனால் ய = −2. ஓர வரி என்ன சொல்கிறது? 5 − 2ய > 0, அதாவது ய < 2.5. −2 அதற்குள்தான் இருக்கிறது. போட்டுப் பார்த்தால் லாக்₃ 9 = 2. ஐயமில்லாமல் சரியான விடை.

முந்தைய கணக்கில் விழுந்தது 1, மிகை எண். இங்கே நிற்பது −2, குறை எண். ய-இன் குறியைப் பார்த்து முடிவெடுப்பது தப்பு. லாக்குக்கு உள்ளே போய் உட்காரும் எண்ணின் குறியைப் பாருங்கள். ஓர வரியை முதலிலேயே எழுதச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

“புத்தகத்துல ரெண்டு இருக்கு, எனக்கு ஒண்ணுதான் வருது”

எதிர்ப்பக்கப் பிழை. தீர்வு தொலைவதற்கு வழக்கமாக இரண்டு காரணங்கள்.

முதல் காரணம், இரட்டைப்படை அடுக்கை லாக்குக்கு வெளியே இழுப்பது. இந்த இரண்டு சமன்பாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்:

(அ) 2 லாக்₅ ய = லாக்₅(ய + 12)
(ஆ) லாக்₅ ய² = லாக்₅(ய + 12)

பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. இரண்டிலிருந்தும் ய² = ய + 12 வரும்; ய² − ய − 12 = 0; (ய − 4)(ய + 3) = 0; ய = 4 அல்லது −3. ஆனால் (அ)-வில் ய தனியாக லாக்குக்குள் இருக்கிறது, அதனால் ய > 0. விடை 4 மட்டும். (ஆ)-வில் உள்ளே இருப்பது ய². ய பூஜ்ஜியமாக இல்லாமல், ய + 12-உம் மிகையாக இருந்தால் போதும். −3-ஐப் போட்டால் இடப்பக்கம் லாக்₅ 9, வலப்பக்கமும் லாக்₅ 9. எனவே (ஆ)-வுக்கு விடை 4, −3 இரண்டும்.

கேள்வியில் (ஆ)-வைக் கொடுத்திருக்க, முதல் வேலையாக அதை (அ)-வாக மாற்றி எழுதியவருக்கு −3 போய்விடும். அடுக்கு விதி ய மிகையாக இருக்கும்போதுதான் அப்படியே பொருந்தும். பொதுவாக எழுதினால் லாக் ய² = 2 லாக் |ய|; மட்டுக்குறி கட்டாயம். ஒற்றைப்படை அடுக்கில் இந்தச் சிக்கல் இல்லை, ய³ மிகை என்றால் ய-யும் மிகைதான்.

இரண்டாம் காரணம், லாக் ய-ஆல் வகுப்பது.

(லாக் ய)² = 3 லாக் ய

இருபக்கமும் லாக் ய-ஆல் வகுத்து லாக் ய = 3, ய = 1000 என்று முடித்துவிடுகிறார்கள். லாக் ய பூஜ்ஜியமாக இருக்க வாய்ப்பிருக்கும்போது அதனால் வகுக்கக்கூடாது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்துங்கள்: லாக் ய (லாக் ய − 3) = 0. லாக் ய = 0 என்றால் ய = 1. லாக் ய = 3 என்றால் ய = 1000. இரண்டும் நிற்கும்.

இங்கேயே இன்னொன்று. (லாக்₂ ய)² = 9 என்பதும் லாக்₂ ய² = 9 என்பதும் வெவ்வேறு கணக்குகள். முதலாவதில் லாக்கின் மதிப்பையே வர்க்கப்படுத்துகிறோம்: லாக்₂ ய = 3 அல்லது −3, அதனால் ய = 8 அல்லது 1/8. அடைப்புக்குறி எங்கே முடிகிறது என்று பார்க்காமல் பேனாவை எடுக்கவேண்டாம்.

“லாக்கை அடிச்சுட்டேன், விடை பக்கத்துலயே வரலை”

லாக்₃(2ய) + 1 = லாக்₃(ய + 10)

இருபக்கமும் லாக் இருக்கிறதே என்று அடித்துவிட்டு 2ய + 1 = ய + 10, ய = 9 என்று எழுதுவது. போட்டுப் பார்த்தால் இடப்பக்கம் லாக்₃ 18 + 1, அதாவது லாக்₃ 54. வலப்பக்கம் லாக்₃ 19. ஒட்டவே இல்லை.

லாக்₃ அ = லாக்₃ ஆ என்றால் அ = ஆ என்பது உண்மைதான். ஆனால் அதற்கு இரு பக்கத்திலும் ஒரே ஒரு லாக்தான் இருக்கவேண்டும், அடிமானம் ஒன்றாக இருக்கவேண்டும், பக்கத்தில் தனி எண்ணோ குணகமோ ஒட்டியிருக்கக்கூடாது. இங்கே 1 என்ற எண் தனியே நிற்கிறது. அதையும் லாக்காக மாற்றிவிடுங்கள்: 1 = லாக்₃ 3.

லாக்₃(2ய) + லாக்₃ 3 = லாக்₃(ய + 10)
லாக்₃(6ய) = லாக்₃(ய + 10)
6ய = ய + 10
ய = 2

சரிபார்த்தல்: லாக்₃ 4 + 1 = லாக்₃ 12; வலப்பக்கம் லாக்₃ 12. சரி.

எந்த எண்ணையும் இப்படி லாக்காக்கலாம். அடிமானம் 3 என்றால் 2 = லாக்₃ 9, −1 = லாக்₃(1/3). குணகம் இருந்தால் அதை அடுக்காக ஏற்றவேண்டும்: 2 லாக்₃ ய = லாக்₃ ய². லாக்₃ 2ய என்று எழுதுபவர்கள் ய = 9 வைத்துப் பார்க்கட்டும். 2 லாக்₃ 9 = 4. லாக்₃ 81 = 4. லாக்₃ 18 மூன்றைக்கூட எட்டாது.

“லாக்கை உள்ளே பிரிச்சுப் போட்டேன்”

லாக்(ய + 3) என்பதை லாக் ய + லாக் 3 என்று எழுதுவது. அடைப்புக்குறியைப் பெருக்கி விரித்துப் பழகிய கை தானாகச் செய்யும் வேலை இது. லாக் என்பது பெருக்கும் எண் அல்ல, ஒரு செயல். அதைக் கூட்டலுக்குள் பங்குபோட்டுக் கொடுக்க முடியாது.

“இது எப்போதுமே தப்பா?” என்று கேட்பவர்களுக்கு நல்ல பதில் ஒன்று உண்டு. அதையே சமன்பாடாக எழுதித் தீர்த்துப் பாருங்கள்: லாக்(ய + 3) = லாக் ய + லாக் 3. வலப்பக்கம் லாக் 3ய. ய + 3 = 3ய, ய = 1.5. அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் அது உண்மை, ஏனென்றால் 1.5 + 3-உம் 1.5 × 3-உம் ஒரே 4.5. மற்ற எல்லா எண்ணுக்கும் பொய்.

வகுத்தலிலும் இதே கோளாறு இன்னொரு வேடத்தில் வரும். லாக் 20 / லாக் 5 என்பது லாக் 4 அல்ல. லாக் 20 = 1.3010, லாக் 5 = 0.6990. கழித்தால் 0.6020, லாக் 4-இன் மதிப்பு (கடைசி இலக்கத்தில் ஒன்று குறைவது நான்கு இலக்க அட்டவணையின் முழுமையாக்கத்தால்). வகுத்தால் ஏறத்தாழ 1.861, இது லாக்₅ 20, முற்றிலும் வேறு எண்.

வேதியியல் பாடத்தில் இந்தப் பிழை பிஎச் கணக்கில் தலைகாட்டுகிறது. பிஎச் 4 உள்ள அமிலக் கரைசலையும் பிஎச் 6 உள்ளதையும் சம அளவு கலந்தால் பிஎச் 5 என்று எழுதிவிடுகிறார்கள். பிஎச் என்பது ஹைட்ரஜன் அயனிச் செறிவின் லாக், குறி மாற்றியது. கலக்கும்போது சராசரியாவது செறிவுதான்: (10⁻⁴ + 10⁻⁶)/2 = 5.05 × 10⁻⁵. அதன் பிஎச் ஏறத்தாழ 4.3. முதலில் செறிவுக்கு இறங்கி, அங்கே கூட்டிவிட்டு, பிறகு லாக்குக்கு ஏறவேண்டும். (வலிமையான அமிலத்தை வெறும் நீரில் கரைத்திருந்தால்தான் இந்தக் கணக்கு. தோட்டத்து மண்ணுக்கு அப்படியே பொருந்தாது; மண் தானாகவே அமிலத்தைப் பிடித்துவைத்து மெல்ல விடும்.)

“அடிமானம் வேறவேறயா இருக்கு”

லாக்₂ ய + லாக்₄ ய + லாக்₈ ய = 11

மூன்றையும் சேர்த்து லாக் ய³ என்று எழுதினால் எந்த அடிமானத்தில்? பதில் இல்லை. அடிமானம் வேறாக இருக்கும்வரை பெருக்கல் விதியைத் தொடவே கூடாது. மிகச்சிறிய அடிமானத்துக்கு எல்லாவற்றையும் மாற்றுங்கள். லாக்₄ ய = லாக்₂ ய / லாக்₂ 4 = (லாக்₂ ய)/2. அதேபோல லாக்₈ ய = (லாக்₂ ய)/3.

லாக்₂ ய (1 + 1/2 + 1/3) = 11, அதாவது (11/6) லாக்₂ ய = 11, லாக்₂ ய = 6, ய = 64. சரிபார்த்தல்: 6 + 3 + 2 = 11.

அடிமான மாற்று விதியில் மேலே கீழே மாறிப்போகிறதா? ய 1-ஐவிடப் பெரியது என்றால் 4-இன் அடுக்கு, 2-இன் அடுக்கைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பெரிய படிக்கட்டில் ஏறினால் குறைந்த படிகளில் போய்ச்சேர்வோம். லாக்₄ ய-க்கு உங்களுக்கு 2 லாக்₂ ய வந்திருந்தால் விதியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள்.

ய அடிமானத்திலேயே இருந்தால், உதாரணமாக அடிமானம் ய-இல் 81-இன் மடக்கை 4 என்றால், ய⁴ = 81, ய = 3 மட்டும். −3 அடிமானமாக இருக்க முடியாது.

“கால்குலேட்டர்ல போட்டேன், நம்பர் நம்பற மாதிரி இல்லை”

பயன்பாட்டுக் கணக்குகளில் வரும் அறிகுறி. காற்றழுத்தத்தை வைத்து உயரம் கண்டுபிடிக்கும் சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம். மலையில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. இங்கே சோறு வேக நேரமாவதற்கும் காற்றழுத்தக் குறைவுதான் காரணம்.

உயரம் (மீட்டரில்) = 18400 × (1 + வெ/273) × லாக்(கடல்மட்ட அழுத்தம் / இங்குள்ள அழுத்தம்)

வெ என்பது கீழிருந்து மேல்வரை காற்றின் சராசரி வெப்பநிலை, செல்சியஸில். லாக்கின் அடிமானம் 10. கடல்மட்டத்தில் 1013 ஹெக்டோபாஸ்கல், மேலே 780, சராசரி 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால்:

1013/780 = 1.2987
லாக் 1.2987 = 0.1135
18400 × 1.0733 = 19748
19748 × 0.1135 ≈ 2241 மீட்டர்

உதகமண்டலத்தின் உயரம் ஏறத்தாழ 2240 மீட்டர். கணக்கு ஊரோடு ஒத்துப்போகிறது. இனி தப்பாக வரும் விடைகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் தன் காரணத்தைத் தானே சொல்லும்.

5160 மீட்டர் வந்ததா? ‘லாக்’ பொத்தானுக்குப் பதிலாக ‘எல்என்’ பொத்தானை அழுத்திவிட்டீர்கள். அது இ (2.718…) அடிமானத்தில் லாக் எடுக்கும், விடை எப்போதும் 2.303 மடங்கு பெருகிவிடும். தொட்டபெட்டாவே 2637 மீட்டர்தான் என்பதை நினைத்தால் உடனே பிடித்துவிடலாம்.

76 மீட்டர் வந்ததா? அடைப்புக்குறி போடாமல் லாக் 1013 எடுத்து, பிறகு 780-ஆல் வகுத்திருக்கிறீர்கள். மலையடிவாரத்து மேட்டுப்பாளையமே 300 மீட்டருக்கு மேல் இருக்கிறது.

−2241 வந்ததா? பின்னத்தைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். 1-க்குக் குறைவான எண்ணின் லாக் குறை எண்ணாகத்தான் வரும். எண் சரி, குறி மட்டும் மாறியிருக்கிறது என்றால் இதுவே காரணம்.

‘மேத் எரர்’ என்று வந்தால் உள்ளே பூஜ்ஜியமோ குறை எண்ணோ போயிருக்கிறது. கருவியில் பழுதில்லை.

இதே சூத்திரத்தில் அழுத்தம் தெரியாத எண்ணாக வந்தால் அது மடக்கைச் சமன்பாடு. 1850 மீட்டரில், குன்னூர்ப் பக்கம், அழுத்தம் என்ன? 1850/19748 = 0.0937. இங்கேயே நிறுத்தி 0.0937-ஐ விகிதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கமான தவறு. அது விகிதத்தின் லாக். எதிர்மடக்கை எடுக்கவேண்டும்: 10-இன் 0.0937 அடுக்கு = 1.241. அழுத்தம் = 1013/1.241 ≈ 816 ஹெக்டோபாஸ்கல். கடல்மட்டத்துக்கும் ஊட்டிக்கும் நடுவில், ஊட்டிக்குப் பக்கமாக விழுகிறது, இருக்கவேண்டிய இடம்தான்.

அடிமானம் எழுதாத லாக் பற்றி ஒரு எச்சரிக்கை. நேப்பியர் 1614-இல் மடக்கையை வெளியிட்டபோது அது 10 அடிமானத்தில் இருக்கவில்லை. கணக்குப் போட வசதியாக 10-க்கு மாற்றி அட்டவணை தயாரித்தவர் பிரிக்ஸ். இரண்டு வழக்கமும் இன்றுவரை தொடர்கிறது. நம் பாடநூலிலேயே வகையீடு, தொகையீடு வரும் அத்தியாயங்களில் வெறும் லாக் என்றால் இ அடிமானம். வேதியியலில் பிஎச் பாடத்தில் 10. எந்தப் பாடத்தின் கணக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்தும் கவனம்: அடிமானத்தைப் பெரிதாக, வரிக்கு நேராக எழுதினால் லாக்₂ 8 என்பது லாக் 28 ஆகிவிடும். அடுத்த வரியில் நீங்களே அப்படிப் படிப்பீர்கள்.

“தீர்வே வரலை”

லாக்(ய − 4) = லாக்(2ய − 3). ய − 4 = 2ய − 3, ய = −1. ஓர வரி ய > 4. ஆக எதுவும் நிற்கவில்லை. “தீர்வு இல்லை” என்று எழுதி, ஏன் என்று ஒரு வரி சேர்த்தால் அதுவே முழுமையான விடை. பயந்துபோய்க் கணக்கை முதலிலிருந்து போடவேண்டாம்.

“டேபிள் பார்த்துப் போட்டா பிஎச் ஒண்ணு கூடுது”

வேதியியல் தேர்வில் கால்குலேட்டர் கிடையாது, மடக்கை அட்டவணைதான். அதில் 1-க்குக் குறைவான எண்களுக்குத் தலைக்கோடு போட்ட எண் வரும், பிழை அங்கேதான்.

மண் கரைசல் ஒன்றில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 3.2 × 10⁻⁵ என்று கொடுத்திருக்கிறார்கள். அட்டவணையில் 3.2-க்கு 0.5051. அடுக்கு −5. சேர்த்து எழுதும்போது 5-இன் தலையில் கோடு போட்டு, புள்ளி வைத்து, 5051 என்று எழுதுவோம். அந்தக் கோடு 5-க்கு மட்டும்தான். புள்ளிக்குப் பிறகு இருப்பது மிகை எண். எனவே மதிப்பு −5 + 0.5051 = −4.4949, பிஎச் 4.49.

கோட்டை மொத்த எண்ணுக்கும் குறைக்குறியாக எடுத்துக்கொண்டால் −5.5051 ஆகி, பிஎச் 5.51 என்று வரும். தேயிலைக்கு ஏற்ற மண் பிஎச் 4.5 முதல் 5.5 வரை என்பார்கள். சரியான விடை இந்த எல்லைக்குச் சற்றுக் கீழே, அமிலத்தன்மையைக் குறைக்கும் டாலமைட் கல்தூளைப் போடுவதைப் பற்றி யோசிக்கவேண்டிய மண். தப்பான விடை எல்லைக்குச் சற்று மேலே, டாலமைட்டைத் தொடவே கூடாத மண். ஒரு கோட்டை எதற்குப் போட்டது என்று பார்க்காததால் இத்தனை தூரம்.

இதைத் தடுக்க, அட்டவணையைத் திறக்கும் முன்பே விடையின் எல்லையைக் குறித்துவிடுங்கள். 3.2 × 10⁻⁵ என்பது 10⁻⁵-க்கும் 10⁻⁴-க்கும் நடுவில் இருக்கிறது. அதன் பிஎச் 4-க்கும் 5-க்கும் நடுவில்தான் இருக்கமுடியும். 5.51 என்று வந்த நொடியே பிடிபட்டுவிடும்.

எதிர்த்திசையிலும் இதே இடம்தான் வழுக்கும். பிஎச் 4.7 என்றால் செறிவு 10-இன் −4.7 அடுக்கு. அட்டவணைக்கு மிகைப் பின்னம்தான் கொடுக்கமுடியும், அதனால் −4.7-ஐ −5 + 0.3 என்று பிரிக்கவேண்டும். 0.3-இன் எதிர்மடக்கை 1.995, விடை 1.995 × 10⁻⁵. −4-ஐத் தனியே வைத்து 0.7-க்கு எதிர்மடக்கை பார்த்தவர்களுக்கு 5.012 × 10⁻⁴ வரும். அதன் பிஎச் 3.3. திருப்பி லாக் எடுத்துப் பார்த்தால் 4.7 வராது, அதை வைத்தே எங்கே பிரித்தோம் என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளலாம்.